கழுத்து ஸ்கேனுக்கு மூன்று மாதத் தவணையா? ஒரு திறந்த மடல்

கொழும்பின் அரச, தனியார் வைத்தியசாலைகளில் ஸ்கேன் பிரிவுகளுக்குப் பொறுப்பானவர்களுக்கும், அவற்றுக்கு விதி வகுக்கும் சுகாதார அதிகாரிகளுக்கும்,

நகரத்தில் உள்ள ஓர் அரச வைத்தியசாலையின் ஸ்கேன் கவுன்டரில் இப்போது ஒரு கடதாசி ஒட்டியிருக்கிறது. இரத்தக்குழாயில் இரத்தம் ஓடும் வேகத்தை ஒலியால் அளக்கும் டொப்ளர் ஸ்கேனுக்கு இனி வாரத்தில் ஒரு காலை மட்டுமே திகதி கொடுக்கப்படுமாம். முதலில் வருபவருக்கு முதல் திகதி, எந்த வருத்தத்துக்குக் கேட்கிறார்கள் என்ற பேதம் கிடையாது. மேலோட்டமாகப் பார்த்தால் நேர்மையான ஏற்பாடு போலத்தான் தெரியும். ஆனால் காலில் நாளம் புடைத்து வருடக்கணக்காக இருப்பவரும், முந்தாநாள் கால் மணி நேரம் பேச்சிழந்து நின்றவரும் ஒரே வரிசையில் நின்று ஒரே மாதிரியான திகதியை வாங்கிக்கொண்டு போகிறார்கள். இந்த ஏற்பாட்டை என்னால் பேசாமல் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

நான் டொக்டர் இல்லை. கொட்டாஞ்சேனையில் இருக்கிறேன், உயர்தர மாணவர்களுக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். டொப்ளர் விளைவை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதி அழிக்கிறவள். அதே விளைவை நம்பி என் அப்பாவின் கழுத்தில் கத்தி வைப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டி வந்தபோதுதான், இந்த ஊரில் அந்தச் சோதனை எப்படி நடக்கிறது என்பதைக் கிட்ட நின்று பார்த்தேன்.

அப்பா புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவில் மொத்த வியாபாரக் கடை ஒன்றில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். பிரஷரும் சீனியும் உண்டு. கடந்த ஆண்டு ஒரு காலை அவருடைய வலக்கையில் இருந்து தேநீர்க் கோப்பை நழுவியது, பேச்சுக் குழறியது. ஆட்டோ வந்து சேர்வதற்குள் எல்லாம் பழையபடி சரியாகிவிட்டது. "ஒன்றுமில்லை, பித்தம்" என்றார். நாங்கள் கேட்கவில்லை, கூட்டிக்கொண்டு போனோம்.

வாட்டில் இருந்த இளம் டொக்டர்களைக் குறை சொல்ல எனக்கு எதுவுமில்லை. இது தற்காலிகப் பாரிசவாதம் என்று உடனே பிடித்துக்கொண்டார்கள். மூளைக்கு சி.டி. எடுத்தார்கள், அஸ்பிரினும் கொலஸ்ட்ரோல் மருந்தும் தொடங்கினார்கள், இதயத் துடிப்பைப் பார்த்தார்கள், இரண்டு பக்கக் கழுத்து நாடிகளுக்கும் டொப்ளர் ஸ்கேன் எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் துண்டைக் கவுன்டரில் நீட்டியபோது கிடைத்த திகதி மூன்று மாதத்துக்கும் அப்பால் இருந்தது. கிட்டவாக ஒரு திகதி தர முடியாதா என்று கேட்டேன். "ஆள் நல்லாத்தானே நடக்கிறார், அவசரமான ஆட்களுக்குத்தான் முன்னுக்குக் கொடுப்போம்" என்று பதில் வந்தது.

அந்தப் பதிலைச் சொன்னவர்மீது எனக்குக் கோபம் இல்லை, அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். ஆனால் உங்களுக்குத் தெரியும். கழுத்து நாடியில் படிந்த கொழுப்புப் படிவில் இருந்து ஒரு துணுக்கு பிரிந்து மூளைக்குப் போய், கரைந்து, ஆள் நல்லபடி எழுந்து நடக்கிறாரே, அடுத்து வரும் சில நாட்கள்தான் அவருக்கு மிக ஆபத்தான நாட்கள். நடந்து வருகிறவர்தான் இங்கே அவசர நோயாளி. முழுதாக விழுந்த பிறகு காப்பாற்றுவதற்கு அதிகம் மிஞ்சுவதில்லை.

இதற்கு ஆதாரம் இன்று நேற்று வந்ததல்ல. 1991இல் வெளியான வட அமெரிக்க ஆய்வொன்று, அறிகுறி காட்டிய பக்கத்தில் 70 சதவீதத்துக்கு மேல் ஒடுங்கிய நாடி உள்ளவர்களைப் பின்தொடர்ந்தது. மருந்து மட்டும் எடுத்தவர்களில் 26 சதவீதமானோருக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் அதே பக்கத்தில் பாரிசவாதம் வந்தது. நாடியைத் திறந்து படிவை எடுத்தவர்களில் அது 9 சதவீதம். 2004இல் ஒக்ஸ்போர்டைச் சேர்ந்த பீட்டர் ரொத்வெல் குழுவினர் லான்செட் இதழில் இன்னொரு கணக்கை வெளியிட்டார்கள். அறிகுறி வந்து 2 வாரத்துக்குள் என்றால், 5 பேருக்குச் சத்திரசிகிச்சை செய்தால் ஐந்தாண்டில் ஒரு பாரிசவாதத்தைத் தடுக்கலாம். 12 வாரம் கடந்த பிறகு என்றால், ஒன்றைத் தடுக்க 125 பேருக்குச் செய்ய வேண்டும்.

எங்களுக்குக் கிடைத்த திகதியை இந்த இரண்டு எண்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கத்தி அதே, டொக்டர் அதே, ஆபத்தும் செலவும் அதே. பலன் மட்டும் கிட்டத்தட்ட இல்லாமல் போகும் நாளுக்கு எங்களை வரச் சொல்லியிருந்தார்கள்.

நாங்கள் தனியாருக்குப் போனோம். கனடாவில் இருக்கும் தம்பி காசு அனுப்பினான், போக முடிந்தது. முதல் இடத்தில் ஸ்கேன் மளமளவென்று முடிந்துவிட்டது. ரிப்போட்டில் ஒரே ஒரு வரி: இடது உட்கழுத்து நாடியில் மிதமான ஒடுக்கம். எத்தனை சதவீதம் என்றில்லை, இரத்த வேகம் எவ்வளவு என்றில்லை, வலது பக்கத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. அதை எடுத்துக்கொண்டு அரச வைத்தியசாலையில் இரத்தக்குழாய்ச் சத்திரசிகிச்சை நிபுணரிடம் போனோம். அவர் கடதாசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதை வைத்து என்னால் ஒன்றும் செய்ய முடியாது, வேகங்களைப் போட்டு எழுதித் தரும் இடத்தில் திரும்பச் செய்யுங்கள்" என்றார். இரண்டாம் இடத்தில் செய்தோம். அங்கே அந்த இடது நாடியில் உச்ச வேகம் செக்கனுக்கு 290 சென்ரிமீற்றர், இதயம் ஓய்வெடுக்கும் கட்டத்தில் 110, கீழேயுள்ள பொது நாடியின் வேகத்தோடு ஒப்பிட்டால் 4.6 மடங்கு. ஒடுக்கம் 70 சதவீதத்துக்கு மேல் என்று எழுதியிருந்தார்கள். பிறகு, சாயம் ஏற்றி இரத்தக்குழாய்களைப் படமெடுக்கும் சி.டி. அஞ்சியோகிராமும் அதையே சொன்னது.

ஒரே கழுத்து, அடுத்தடுத்த நாட்கள். ஒரு கடதாசியை நம்பினால் மருந்தைக் குடித்துக்கொண்டு வீட்டில் இருக்கலாம், மற்றதை நம்பினால் உடனே சத்திரசிகிச்சை.

இந்த வித்தியாசம் எப்படி வந்தது? இதில் எனக்குக் கொஞ்சம் பேச உரிமை உண்டு என்று நினைக்கிறேன். கழியொலி (அல்ட்ராசவுண்ட்) இயந்திரம் ஒடுக்கத்தைச் சதவீதமாக நேரே அளப்பதில்லை. ஓடும் செங்குழியங்களில் பட்டுத் திரும்பும் ஒலியின் மீடிறன் எவ்வளவு மாறியது என்று பார்த்து, அதிலிருந்து இரத்தத்தின் வேகத்தைக் கணிக்கிறது. தண்ணீர்க் குழாயின் வாயை விரலால் அழுத்தினால் நீர் சீறுவது போல, நாடி ஒடுங்கிய இடத்தில் இரத்தம் வேகமெடுக்கும். அந்த வேகத்தைக் கொண்டு ஒடுக்கத்தை ஊகிக்கிறார்கள். ஒடுக்கத்துக்குச் சற்று முன்னோ பின்னோ அளந்தால் உச்சம் பிடிபடாது. அதோடு, கணக்கில் ஒலிக்கற்றைக்கும் இரத்தம் ஓடும் திசைக்கும் இடையிலான கோணத்தின் கோசைன் வருகிறது. ஸ்கேன் செய்பவர் திரையில் ஒரு கோட்டைத் திருப்பி அந்தக் கோணத்தைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். உண்மைக் கோணம் 60 பாகையாக இருக்கும்போது 65 என்று வைத்தால் வேகம் ஏறக்குறைய 18 சதவீதம் கூடிக் காட்டும். உண்மைக் கோணம் 70 ஆக இருந்து அதே 5 பாகை பிசகினால் 32 சதவீதம் கூடும். மறுபக்கம் பிசகினால் குறைத்துக் காட்டும். 60 பாகைக்கு மேல் போகாதீர்கள் என்று உலகம் முழுக்கப் பயிற்சியில் சொல்லிக் கொடுப்பது இதனால்தான். முதல் ரிப்போட்டோடு தைத்திருந்த படத்தின் ஓரத்தில் கோணம் 70ஐத் தாண்டி இருந்தது. என் மாணவர் ஒருவர் செய்முறைக் கொப்பியில் இப்படி எழுதியிருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேன்.

எந்த அளவுகோலை வைத்துச் சதவீதம் போடுகிறார்கள் என்பதும் சும்மா விடுகிற விஷயமல்ல. 2003இல் வெளியான அமெரிக்கக் கதிரியலாளர்களின் பொது இணக்கப்படி, உச்ச வேகம் செக்கனுக்கு 125 சென்ரிமீற்றர் ஆனால் 50 சதவீத ஒடுக்கம், 230ஐத் தாண்டினால் 70. அந்த முதல் எல்லை ஒடுக்கத்தைக் கூட்டிக் காட்டுகிறது, 180க்கு உயர்த்த வேண்டும் என்று 2021இல் அங்கேயே ஒரு தரச்சான்று அமைப்பு பரிந்துரைத்தது. அப்படியென்றால் 150 என்று அளந்த ஒருவருக்கு ஓரிடத்தில் பாதி அடைப்பு, இன்னோரிடத்தில் அவ்வளவு இல்லை. எந்த எல்லையைப் பயன்படுத்தினோம் என்று ரிப்போட்டில் ஒரு வரி எழுதினால் இந்தக் குழப்பம் தீரும். இதைவிட மோசமான பொறியும் உண்டு. நாடி கிட்டத்தட்ட மூடியே போகும் நிலையில் இரத்தம் கசிந்துதான் போகும், வேகம் குறைந்துவிடும். எண்ணை மட்டும் பார்த்தால் நல்ல நாடி என்று ஏமாறலாம். மறுபக்க நாடி முழுதாக அடைபட்டிருந்தால் இந்தப் பக்கத்தில் வேகம் வீணாக ஏறியும் காட்டும். இரண்டு பக்கத்தையும் எழுதாத ரிப்போட்டை ஏன் ரிப்போட் என்று சொல்கிறோம் என்று எனக்கு விளங்கவில்லை.

அப்பாவின் சத்திரசிகிச்சை அரச வைத்தியசாலையிலேயே, இரண்டு வாரத்துக்குள், ஒரு சதம் வாங்காமல் நடந்தது. இதை நான் நன்றியோடுதான் சொல்கிறேன். கழுத்தைத் திறந்து, நாடியைத் திறந்து, படிவைச் சுரண்டி எடுத்துத் தைக்கும் அந்தப் பெரிய வேலைக்கு இந்த நாட்டில் ஆளும் இடமும் மனமும் இருக்கிறது. கர்ப்பிணிகளுக்கும் ஈரலுக்கும் அன்றாடம் ஓடும் அதே வகை இயந்திரத்தில், தோலில் வைக்கும் வேறொரு புரோபைப் பிடித்து, அரை மணி நேரத்தில் செய்யும் சோதனைக்குத்தான் இடமில்லை. கதிர்வீச்சு இல்லை, சிறுநீரகத்தைப் பாதிக்கும் சாயமும் இல்லை, இருப்பதிலேயே மலிவான சோதனை. கவுன்டரில் தந்த திகதி வந்து சேர்ந்தபோது அப்பாவின் கழுத்தில் தழும்பே மங்கத் தொடங்கியிருந்தது.

வாட்டில் அப்பாவுக்குப் பக்கத்துக் கட்டிலில் ஒருவர் இருந்தார், ஏறக்குறைய அதே அறிகுறியோடு வந்தவர். அவருக்குக் கனடாவில் தம்பி இல்லை. கவுன்டரில் கொடுத்த திகதியை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். திகதிக்கு முன்னரே பாரிசவாதம் வந்துவிட்டதாக அவருடைய மனைவி போனில் சொன்னார். கழுத்து நாடி ஒடுக்கத்தால்தான் வந்தது என்று நான் சாதிக்க முடியாது. ஸ்கேன் செய்யப்படாததால் வேறு யாராலும் அதை மறுக்கவும் முடியாது.

இன்னொரு பக்கம், தனியார் இடங்களில் முழு உடல் பரிசோதனை என்ற பெயரில் எந்த அறிகுறியும் இல்லாதவர்களின் கழுத்தையும் ஸ்கேன் செய்து விற்கும் பொதிகளைப் பார்க்கிறேன். காலையில் பதிந்தால் மதியம் முடிந்துவிடுகிறது. அறிகுறி இல்லாத பொதுமக்களுக்கு இந்தச் சோதனையைத் தேடிச் செய்ய வேண்டாம் என்று அமெரிக்கத் தடுப்புச் சேவைகள் செயலணி 2014இலும், மறுபடி 2021இலும் சொல்லியிருக்கிறது. உண்மையான ஒடுக்கம் உள்ளவர்கள் அவர்களில் மிகச் சிலர். தவறான சந்தேகம் பலரைத் தேவையில்லாத மேல் சோதனைகளுக்கும், சில நேரம் தானே பாரிசவாதத்தை வரவழைக்கக் கூடிய சத்திரசிகிச்சைக்கும் இழுத்துவிடும். தேவையில்லாதவருக்கு அன்றைக்கே, தேவையானவருக்கு மூன்று மாதம் கழித்து. கையில் காசு இருப்பது ஒன்றுதான் இங்கே முன்னுரிமை என்று ஆகிவிட்டது. உங்களுக்கு இது உறுத்தவில்லையா?

கால் நாடிகளின் கதையும் கிட்டத்தட்ட இதுதான். சுருக்கமாகச் சொல்கிறேன். மட்டக்குளியில் இருக்கும் என் மாமாவுக்கு நெடுநாள் நீரிழிவு, கால் விரலில் ஆறாத புண். கணுக்காலின் பிரஷரைக் கையின் பிரஷரால் வகுத்துப் பார்த்தார்கள், 1.3க்கு மேல் வந்தது. 0.9க்குக் கீழே போனால்தான் அடைப்பு, ஆகவே இரத்த ஓட்டம் நல்லது என்று சொல்லி மருந்து கட்டி அனுப்பினார்கள். நீரிழிவுக்காரரின் நாடிச் சுவரில் கல்சியம் படிந்து இறுகிவிட்டால் பிரஷர் பட்டியால் அதை நசுக்க முடியாது, எண் பொய்யாக ஏறும். 1.3 என்பதே சந்தேகப்பட வேண்டிய எண். அந்த நேரம் டொப்ளரில் அலையின் வடிவத்தைப் பார்த்திருந்தால் போதும். நல்ல கால் நாடியில் அது முன்னே பாய்ந்து, சற்றுப் பின்னே வந்து, மறுபடி முன்னே போகும். மேலே அடைப்பு இருந்தால் ஒரே தாழ்ந்த மேடாகிவிடும். மாமாவுக்கு அதைப் பார்த்தது விரல் கறுத்த பிறகுதான். விரல் போய்விட்டது, கால் தப்பியது.

ஆட்கள் இல்லை என்பீர்கள், தெரியும். 2022 நெருக்கடிக்குப் பிறகு எத்தனை டொக்டர்கள் வெளிநாடு போனார்கள் என்பதை எங்கள் வீட்டுக் கலியாணப் பேச்சுகளிலேயே கேட்கிறோம். ஆனால் நாங்கள் போன ஸ்கேன் அறைகளில் எல்லாம் டொக்டரே புரோபைக் கையில் பிடித்திருந்தார். பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் இந்த வேலையை அதற்கென்றே பயிற்சி பெற்ற தொழில்நுட்பவியலாளர்கள் செய்கிறார்கள். அமெரிக்காவில் டொக்டர் முடிவைப் பார்த்து ஒப்பமிடுகிறார். எங்கள் பிள்ளைகளில் உயர்தரத்தில் கெட்டிக்காரத்தனமாகச் செய்தும் மருத்துவபீடத்துக்குச் சில புள்ளிகளால் தவறியவர்கள் நிறையப் பேர். அவர்களுக்குக் கோணமும் கோசைனும் நாங்கள் ஏற்கெனவே படிப்பித்துத்தான் அனுப்புகிறோம்.

ஆகவே நான் கேட்பவை இவை. முதலாவதும் மற்ற எல்லாவற்றையும்விட அவசரமானதும்: அந்த ஒரே வரிசை முறையை எடுத்துவிடுங்கள். தற்காலிகப் பாரிசவாதமோ சிறு பாரிசவாதமோ வந்தவர்களின் கழுத்து டொப்ளருக்கு ஒவ்வொரு நாளும் சில இடங்களை ஒதுக்குங்கள். வாட்டில் இருக்கும்போதே, வீட்டுக்கு அனுப்புவதற்கு முன்னரே அது முடிய வேண்டும். ஸ்கேன் கேட்டு எழுதும் துண்டில் அறிகுறி வந்த திகதியை எழுதுவதைக் கட்டாயமாக்குங்கள். அந்தத் திகதியில் இருந்து 14 நாள் என்று கவுன்டரில் இருப்பவர் எண்ணிக்கொள்ளட்டும். அவருக்கு மருத்துவம் தெரிந்திருக்கத் தேவையில்லை, நாட்காட்டி போதும். வேறு வழியே இல்லாமல் 14 நாளைத் தாண்டும் என்றால், அதைக் கேட்ட டொக்டருக்கு அன்றைக்கே தெரியப்படுத்துங்கள். சி.டி. அஞ்சியோகிராமுக்கு அனுப்புவதா என்று அவர் முடிவெடுக்கட்டும்.

அடுத்தது ரிப்போட். அரசோ தனியாரோ, ஒரே படிவம் வேண்டும். இரண்டு பக்க நாடிகளின் உச்ச வேகம், ஓய்வு வேகம், உட்கழுத்து நாடியின் உச்ச வேகம் பொது நாடியினதைப் போல எத்தனை மடங்கு என்பது, அளந்த கோணம், படிவின் தன்மை, எந்த அளவுகோலில் சதவீதம் போட்டார்கள் என்பது, கல்சியத்தின் நிழலால் எங்கே பார்க்க முடியவில்லை என்பது எல்லாம் அதில் இருக்க வேண்டும். தனியார் மருத்துவ நிறுவனங்களைப் பதிவு செய்ய 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. ஆண்டுக்கு ஆண்டு பதிவைப் புதுப்பிக்கும்போது இந்தப் படிவத்தையும் ஒரு நிபந்தனையாக வைக்கலாம். ஒரு வரி ரிப்போட்டுக்குக் காசு வாங்குபவர்கள் மறுபடி இலவசமாகச் செய்து தர வேண்டும் என்றும் சேர்த்துவிடுங்கள், பிறகு யாரும் ஒரு வரியில் எழுத மாட்டார்கள். அறிகுறி இல்லாதவர்களுக்கு விற்கும் கழுத்து ஸ்கேன் பொதிகளில், அதனால் வரக்கூடிய தீங்கையும் விளம்பரத்திலேயே எழுத வையுங்கள்.

நீரிழிவுக் கிளினிக்குகளில் ஆறாத புண்ணோடு வருபவருக்குக் கணுக்கால் எண்ணோடு டொப்ளர் அலைவடிவத்தையும் பாருங்கள். கையடக்கக் கருவியிலேயே அதைச் செய்யலாம். இரத்தக்குழாய் டொப்ளருக்கென்று கதிர்ப்படத் தொழில்நுட்பவியலாளர்களைப் பயிற்றுவிக்கும் திட்டம் ஒன்றைக் கொழும்பிலாவது தொடங்குங்கள். அறிகுறி திரும்ப வந்தால் என்ன செய்வது, உடனே அம்புலன்ஸ் இலக்கமான 1990க்கு அழைப்பதா என்பதை மூன்று மொழியிலும் ஒரு துண்டில் அச்சடித்து, வீட்டுக்குப் போகிறவர் கையில் கொடுங்கள். பக்கத்துக் கட்டில்காரருக்குக் கொடுத்த துண்டில் அவருக்கு வாசிக்கத் தெரிந்த மொழி இருக்கவில்லை. தமிழ் அரச கரும மொழியாகி 1987க்குப் பிறகு எத்தனை ஆண்டு என்று நான் எண்ணிச் சொல்லத் தேவையில்லை.

கடைசியாக, கொழும்பின் ஒவ்வோர் அரச வைத்தியசாலையிலும் கழுத்து டொப்ளருக்கு இன்று காத்திருக்க வேண்டிய காலம் எவ்வளவு, அறிகுறி வந்து 14 நாளுக்குள் ஸ்கேன் முடிந்தவர்கள் எத்தனை பேர் என்பதை மாதந்தோறும் வெளியிடுங்கள். மேலே கேட்டவற்றில் எதைச் செய்வீர்கள், எந்தத் திகதிக்குள், எதைச் செய்ய முடியாது, ஏன் என்று எழுத்தில் பதில் தாருங்கள். பதில் வராவிட்டால் இதே கேள்விகளை 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், வைத்தியசாலை வைத்தியசாலையாக விண்ணப்பம் போட்டுக் கேட்பேன்.

இப்படிக்கு,
கொட்டாஞ்சேனையில் இருந்து ஒரு பௌதிகவியல் ஆசிரியை